அக்கா மகனைக் கூட்டிவந்த கதை

அக்காவும் மாமாவும் அடுத்தடுத்துத் தவறிப்போன பிறகு, பையன் விருத்தாசலத்தில் அப்பாயியோடு இருந்தான். 11 வயது. திருப்பூரில் இருக்கும் என்னைப் பார்க்க ஒருநாள் தனியாகக் கிளம்பிவிட்டான். சேலம் வண்டி என்று நினைத்து ஏறியது மதுரை வண்டி. ரயில்வே போலீசார் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லியிருக்கிறார்கள்.

போன் வந்ததும் ஆதார், ரேஷன் கார்டோடு ஓடினேன். கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஸ்டேஷனில் ஒருவர், "இனி ஜுவனைல் கோர்ட்டில் பார்த்துக்குங்க" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பிள்ளை என்ன குற்றம் செய்தான்? தெரிந்த வக்கீல், பிள்ளையை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சொல்லி ஆட்கொணர்வு மனு போடலாம் என்றார். நல்லவேளை, போடவில்லை.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இரண்டு வாசல் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட சிறார்கள் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. ஆதரவு தேவைப்படும் பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவுக்கு. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுபோக வேண்டும். தலைவரோடு நான்கு உறுப்பினர்கள்; முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்குள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதனால்தான் போலீஸ் நேராக என்னிடம் ஒப்படைக்கவில்லை.

அங்கே கூண்டும் இல்லை, மேடையும் இல்லை. குழந்தைகள் இல்லத்தில் கொடுத்த தொளதொளச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். உறுப்பினர் அம்மா பக்கத்து நாற்காலிக்கு வந்து, "யார்கிட்ட இருக்கணும்னு ஆசை?" என்று கேட்டார். அவன் வாய் திறக்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய என் நம்பர், வியர்வையில் பாதி அழிந்திருந்தது.

அன்றே கூட்டிவர முடியவில்லை. சொந்த ஊர் கடலூர் மாவட்டம் என்பதால் அந்த ஊர்க் குழுவுக்கு மாற்றினார்கள். திருப்பூரில் என் வீட்டை வந்து பார்த்து அறிக்கை எழுதினார்கள். அடுப்படி முதல் அவன் படுக்கும் இடம் வரை பார்த்தார்கள். ஆறு வாரம் ஆனது. அந்த நாட்களில் கோபம்தான் வந்தது. யார் வந்து கேட்டாலும் பிள்ளையைக் கொடுத்துவிடக் கூடாது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: குழுவின் உத்தரவு பிள்ளையை வளர்க்கத்தான். மாமாவின் நிலத்துக்கும் வங்கிப் பணத்துக்கும் காப்பாளராக 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் (Guardians and Wards Act) மாவட்ட நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும். வங்கியில் திருப்பி அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இறப்புச் சான்றிதழ்களில் கூடுதல் பிரதி வாங்கி வையுங்கள்.

மனு நடக்கிறது. ஒரு அலுவலர் அவ்வப்போது வீட்டுக்கு வந்து பார்க்கிறார். போன தடவை அவர் கேட்கும் முன்பே கணக்கு நோட்டை எடுத்து வந்து காட்டினான்.