ஆத்தாவுக்கு மணம் தெரியவில்லை: பார்க்கின்சனோடு எங்கள் அடுப்படி

கை நடுக்கத்துக்காகப் போன இடத்தில் மூக்கைப் பற்றிக் கேட்பார்கள் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. மதுரையில் அந்த நரம்பியல் மருத்துவர் ஆத்தாவை (எங்கள் அம்மாவை) நடக்கவிட்டுப் பார்த்தார், விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார். அப்புறம், "ஆச்சி, தாளிக்கிற வாசம் தெரியுதா?" என்றார். ஆத்தா கொஞ்சம் யோசித்து, "அது போயி ரொம்ப வருசமாச்சே தம்பி" என்றார். எங்களிடம் இதை அவர் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். ஆத்தா கல்யாண வீடுகளுக்குத் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் போட்டுத் தருபவர். மசாலா வறுக்கும்போது சட்டியை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். சோம்பு போதுமா, கல்பாசி கருகப் போகிறதா என்பதையெல்லாம் மூக்கே சொல்லிவிடும். சில வருடங்களாக அந்த வறுவல் ஒருநாள் பச்சை வாடை அடிக்கும், ஒருநாள் கருகியிருக்கும். வயது என்றார்கள் சொந்தக்காரர்கள், கொரோனா வந்துபோனதால் என்றார்கள் சிலர். காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்து, உள்ளே சதையும் இல்லை, அடைப்பும் இல்லை என்றார். கை நடுக்கத்துக்கு உள்ளூரில் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூக்கை ஒருவர் பார்த்தார், கையை இன்னொருவர் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயாக இருக்கலாம் என்றது மதுரையில்தான்.

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதலில் விவரித்து எழுதியபோது அதில் நடுக்கமும் நடையும் குனிந்த உடம்பும்தான் இருந்தன. மூக்கு கணக்கில் வந்தது 1975க்கு அப்புறம். இன்று, பார்க்கின்சன் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் வரை முகரும் திறன் குறைந்தவர்கள் என்கிறார்கள். அதுவும் பல பேருக்கு நடுக்கம் வருவதற்குச் சில வருடங்கள் முன்பே. ஆல்ஃபா சைனுக்ளீன் என்ற புரதம் நரம்பு செல்களில் கட்டிகட்டியாகச் சேர்வதுதான் இந்த நோயின் அடிப்படை. மூக்கிலிருந்து வரும் நரம்புகள் மூளையில் முதலில் சேரும் இடத்திலேயே அது தொடங்கிவிடலாம் என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஹெய்கோ பிராக் 2003இல் எழுதினார். அசைவை நடத்தும் டோபமின் என்ற மூளை ரசாயனம் குறைந்து கை ஆடத் தொடங்குவது அதற்கெல்லாம் பிறகு.

மருத்துவர் ஏன் கேட்டார் என்பதும் அப்புறம் விளங்கியது. ஆத்தாவைப் பெற்ற ஐயாவுக்கும் கை நடுங்கும். குடும்பத்தில் வழிவழியாக வரும் எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்கம் ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் மூக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. சில மாத்திரைகளால் வரும் நடுக்கத்திலும் அப்படித்தான். அதனால் மணம் தெரியாமல் போனதைப் பார்க்கின்சனுக்கு ஆதரவான அடையாளமாக 2015இல் வந்த சர்வதேச வரையறையிலேயே சேர்த்திருக்கிறார்கள். அதை மட்டும் வைத்து அவர் முடிவுக்கு வரவில்லை. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை கொடுத்து, அசைவு எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துத்தான் உறுதி செய்தார்.

மூக்குக்கான பரிசோதனை எளிமையாக இருந்தது. கண்ணை மூடச் சொல்லி, ஒரு பக்க மூக்கைப் பொத்தி, மறு பக்கம் காபித்தூள், கிராம்பு, சோப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆத்தாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. சுரண்டி முகரும் 40 மணங்கள் கொண்ட அமெரிக்கப் பரிசோதனை ஒன்றும் இருக்கிறது, 1984இலிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ரூட் பியர் என்ற அமெரிக்கக் குளிர்பானம், டில் என்ற கீரை போட்ட வெள்ளரி ஊறுகாய் எல்லாம் அதில் வரும். பார்த்தே அறியாத பொருளின் மணத்தை எங்கள் ஊர் ஆச்சிமார் எப்படிச் சொல்வார்கள்? பெருங்காயம், மல்லிகை, கற்பூரம் போலப் பழகிய மணங்களை வைத்துக் கேட்பதுதான் நியாயம்.

சாப்பாடுதான் பெரிய பாடாக இருந்தது. "நாக்கு செத்துப் போச்சு, பஞ்சைத் திங்கிற மாதிரி இருக்கு" என்று தட்டை நகர்த்திவிடுவார். எடை குறைந்துகொண்டே வந்தது. மருத்துவர் சொன்னபடி வீட்டில் சர்க்கரை, உப்பு, புளித்தண்ணீர், பாகற்காய்ச் சாறு என்று நாக்கில் வைத்துப் பார்த்தோம். நான்கையும் சரியாகச் சொன்னார். இந்த நோயில் சிலருக்கு நாக்கும் மந்தமாகும், ஆனால் மூக்கின் அளவுக்குப் போவதில்லையாம். நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பங்கு மணம்தான். மெல்லும்போது வாயின் பின்வழியாக அது மூக்குக்கு ஏறுகிறது. அந்த வழியில் ஏறும் மணம் ஆத்தாவுக்குத் தெரிவதில்லை. மிளகாயின் எரிச்சலும் மிளகின் சுரீரென்ற உறைப்பும் வேறு வழி. முகத்துக்கு வரும் ட்ரைஜெமினல் நரம்பு அதைச் சுமக்கிறது.

இது தெரிந்த பிறகு சமையலை மாற்றிக்கொண்டோம். அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, ஜாதிபத்திரி போட்டு மணக்க மணக்க வைக்கும் கோழிக் குழம்பு அவருக்கு வெறும் காரக் குழம்புதான். அதே ஆத்தா, வெண்டைக்காய் மண்டி என்றால் இன்னொரு கரண்டி கேட்பார். அரிசி கழுவிய தண்ணீரின் கெட்டியும் புளிப்பும் பச்சைமிளகாயும் அவருக்கு எட்டுகின்றன. வெள்ளைப் பணியாரத்தைச் சுடச்சுட, ஓரம் மொறுமொறுப்பாக, வரமிளகாய்த் துவையலோடு கொடுத்தால் தட்டு காலியாகும். உப்பை மட்டும் அவர் கையில் விடவில்லை, ரத்த அழுத்தம் இருக்கிறது. இனிப்பின் மேல் ஆசை கூடியிருக்கிறது, இந்த நோயில் பலருக்கு அப்படி ஆகிறதாம். விழுங்கும்போது இருமல் வருகிறவர்களுக்கு இந்தக் காரமெல்லாம் ஒத்துவராது, அவர்கள் முதலில் விழுங்கும் திறனைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். கறி, பருப்பு, முட்டையில் உள்ள புரதமும் மாத்திரையும் உடம்பில் ஒரே வழிக்குப் போட்டி போடுவதால், சேர்த்துப் போட்டால் மாத்திரை சரியாகப் பிடிக்காது. அதனால் கறிக்குழம்பு ராத்திரிக்குப் போனது. மாத்திரையில் கை நன்றாகத் தேறியது, ஆனால் மணம் திரும்பவில்லை. திரும்பாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதை மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

மூக்குக்கு ஒரு பயிற்சி மட்டும் செய்கிறோம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மெலும் அவர் குழுவும் 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு குப்பிகள். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள், அந்த மணத்தை மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கும் ஓரளவு பலன் கிடைத்திருக்கிறது. ஆத்தாவுக்குக் கிராம்பு மட்டும் லேசாகத் தெரிகிறது. யூகலிப்டஸ் "சில்லுன்னு ஏறுது" என்பார், அது மணம் இல்லை, மிளகாயை அறியும் அதே நரம்பின் வேலை.

எனக்கு மிகவும் பயமாக இருந்தது கேஸ்தான். சமையல் எரிவாயுவுக்குத் தனியாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள், ஆத்தாவுக்கு அது தெரியாது. கசிவைக் காட்டும் அலாரம் வாங்கினோம். இந்த வாயு காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும் என்பதால் தரையை ஒட்டி மாட்டினோம். அப்புறம்தான் எங்கள் வீட்டின் நீளம் நினைவுக்கு வந்தது. அலாரம் அடுப்படியில் அலறினால், வளவு, பட்டாலை என்ற உள்பகுதிகளையெல்லாம் தாண்டி வீட்டின் முகப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) கேட்காது. முகப்பிலும் மணி அடிக்கும்படி இணைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருப்பது இங்கே சாதாரணம். அப்படி இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். தேங்காய்த் துவையல், பால், மாவு எல்லாவற்றிலும் தேதி எழுதி ஒட்டுகிறோம், கெட்ட வாடையை நம்பி இருக்க முடியாதே.

பலகார வேலையை ஆத்தா விடவில்லை. எண்ணெயின் சூட்டை வெப்பமானியில் பார்க்கிறார், வறுவலை நிறத்தையும் கடிகாரத்தையும் வைத்து முடிக்கிறார். கடைசியில் "அண்ணமிண்டியை வந்து மோந்து பாக்கச் சொல்லு" என்று எனக்குக் குரல் வரும். அண்ணமிண்டி என்றால் அண்ணன் மனைவி. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது எடையையும், நான்கு குப்பிகளில் எது எந்த அளவு தெரிகிறது என்பதையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.