சார்ட்டின் கீழே ஒரு பெயர்

வரலாறு சார் தவறிவிட்ட செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது டொரண்டோவில் விடிகாலை. நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த சார்ட்தான்.

டெல்லியில் பதினொன்றாம் வகுப்பு, குடியரசு தினக் கண்காட்சி. எங்கள் குழுவுக்குத் தலைப்பு, நம் அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்து வெயிலில் உட்கார்ந்து ஒட்டினோம். எழுத்து முழுக்கக் கடைசி பெஞ்சில் அதிகம் பேசாமல் இருப்பானே, அவனுடையது. ஸ்கெட்ச் பேனாவில் மை காய்ந்ததும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு எழுதினான். லீடர் நான் என்பதால் கீழே என் பெயரை மட்டும் போட்டேன்.

சார் திட்டவில்லை. மறுநாள் சார்ட்டை வகுப்புக்கே கொண்டுவந்தார். 1948 நவம்பர் 5 அன்று சபை உறுப்பினரான நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து, வரைவுக் குழு ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார், கடைசியில் பாரம் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று சொன்னதைச் சொன்னார். அப்புறம் 1949 நவம்பர் 25. அதே அம்பேத்கர், இந்தப் பெருமை என்னுடையது அல்ல என்று சொல்லி, முதல் வரைவு தயாரித்த பி.என்.ராவ், சிக்கலான விஷயத்தையும் தெளிவான சட்ட வாசகமாக்கிய எஸ்.என்.முகர்ஜி, நள்ளிரவு தாண்டியும் உழைத்த ஊழியர்கள் என ஒவ்வொருவராக நினைவுகூர்ந்ததைச் சொன்னார்.

"கீழே இடம் இருக்கேப்பா, எழுது" என்று பேனாவை நீட்டினார்.

வகுப்பே பார்க்க ஐந்து பெயர்கள் எழுதினேன். அவனுடைய இனிஷியல் எனக்குத் தெரியவில்லை. அவனிடமே கேட்டேன். தலை நிமிராமல் சொன்னான்.

இன்று ஒரு மென்பொருள் குழுவை நடத்துகிறேன். ரிலீஸ் முடிந்து மேலிடத்துக்கு மெயில் போடும் முன், ராத்திரி டெஸ்டிங் செய்தவர் வரை எல்லார் பெயரையும் எழுத்துப் பிழை இல்லாமல் சரிபார்ப்பேன். ஒரு வருடம் ஏழு பேரில் மூவர் போய்விட்டார்கள். வேலையைச் சுமந்த பெண் யார் என்பதை மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். அவள் கண் கலங்கியது.

இதை சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். டெல்லி போகும்போதெல்லாம் கரோல் பாக், உறவினர் வீடு என்று நாள் போய்விடும். அவர் வீடு ஆட்டோவில் இருபது நிமிடம். அடுத்த தடவை, அடுத்த தடவை என்றே விட்டுவிட்டேன்.

அந்த எழுத்துக்காரன் நம் குழுவில் இல்லை. யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.