நாற்காலி வரைய, முதலில் பெட்டி

நாற்காலி வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கால்களில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாலும் நாலு திசைக்குப் போய்விடும். கால்களைத் தள்ளிவையுங்கள். நாற்காலி கச்சிதமாக அடங்கும் ஒரு பெட்டியை மெல்லிய கோட்டில் போடுங்கள். அந்தப் பெட்டியின் அடிமூலைகள்தான் கால்கள் ஊன்றும் இடம்.

அதற்கும் முன்னால் கண்மட்டக் கோடு, அதாவது பார்க்கிறவரின் கண் உயரத்தைக் காட்டத் தாளில் குறுக்காகப் போடும் கோடு. நின்று நேராகப் பார்க்கும்போது கண் சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசை வழக்கமாக 75 செ.மீ., அதாவது சரிபாதி. மேசையை அறையில் எங்கே போட்டாலும், அதன் கால் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து கண்மட்டக் கோடு வரை அளந்து பாதியில் குறித்தால் மேசையின் உயரம் கிடைத்துவிடும். அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் கணக்கு மாறாது. இருக்கையின் உயரம் 45 செ.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இதை ஏன் முதல் பாடமாகச் சொல்லித்தருவதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை!

பெட்டியின் இணையான விளிம்புகளை நீட்டினால் அவை கண்மட்டக் கோட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு புள்ளிகளில் போய்ச் சேரும்; அவைதான் மறைபுள்ளிகள். இரண்டையும் தாளுக்குள் அடைக்காதீர்கள். ரொம்ப நெருங்கினால் கட்டில்கூட கப்பல் முனைபோலக் கூராகிவிடும். பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டு புள்ளிகளைத் தள்ளி வையுங்கள். கோணலாகத் திருப்பிப் போட்ட நாற்காலிக்கு மறைபுள்ளிகள் வேறு. கண்மட்டக் கோடு அதேதான்.

வட்ட ஸ்டூலின் மேல்தட்டு நீள்வட்டமாகத் தெரியும். கண்மட்டத்தை நெருங்க நெருங்க ஒடுங்கும். ஆனால் அதன் ஓரங்கள் எப்போதும் வளைவுதான், கூர்முனை வரவே கூடாது.