ஆறு மாத இருமலும் ஒரு வால்வும்

எனக்கு இதய வால்வில் கசிவு என்று தெரிவதற்கு முன்னால் ஆறு மாதம் இருமலுக்கு மருந்து சாப்பிட்டேன். சிரப், அலர்ஜி மாத்திரை, கடைசியில் இன்ஹேலர் வரைக்கும் போயாயிற்று. நெஞ்சு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன். படியேறினால் மூச்சு வாங்கியது, அதை வயசு என்றும் தொப்பை என்றும் எழுதித் தள்ளிவிட்டேன்.

ராத்திரிதான் மோசம். படுத்த ஒரு மணி நேரத்தில் வறட்டு இருமல் ஆரம்பிக்கும், எழுந்து உட்கார்ந்தால் தணியும். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, ஒருநாள் நடுச்சாமத்தில் யாரோ மூக்கைப் பொத்தியது மாதிரி விழித்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றேன். அதற்கப்புறம்தான் வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க?" என்பதுதான். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, தலையணைக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வைத்து, அப்படியே அக்குள் பக்கமாக நகர்த்தி, ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் எக்கோ, அதாவது ஒலியலையை வைத்து இதயத்தைத் திரையில் காட்டுகிற ஸ்கேன். அந்த அறையில் இருட்டில் இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் நீலமும் மஞ்சளும் கலந்த ஒரு பீய்ச்சல், தீக்குச்சி உரசின மாதிரி, பின்னோக்கிப் பாய்ந்தது. அதுதான் கசிவு. எடுத்துக்கொண்டிருந்தவர் அதுவரை பேசிக்கொண்டே இருந்தவர், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். அப்போதே புரிந்துவிட்டது.

எனக்குக் கெட்டது மைட்ரல் வால்வு. இதயத்தின் இடது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற இரண்டு இதழ் கொண்ட கதவு அது. நுரையீரலில் சுத்தமாகி வரும் ரத்தம் மேலறைக்கு வந்து, இந்தக் கதவு வழியாகக் கீழறையில் இறங்கி, அங்கிருந்து உடம்பு முழுக்கப் போகிறது. கீழறை சுருங்கும்போது கதவு இறுக மூட வேண்டும். இதழ்கள் மேலே புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள நரம்பு மாதிரி மெல்லிய இழைகள் இருக்கின்றன. என் வால்வு பல வருஷமாகவே தொளதொளவென்று இருந்திருக்கிறது, அதில் ஓர் இழை அறுந்துபோயிருந்தது.

கதவு மூடாததால் கீழறை தள்ளுகிற ரத்தத்தில் ஒரு பங்கு மேலறைக்கே திரும்புகிறது. மேலறைக்குப் பின்னால் இருப்பது நுரையீரலிலிருந்து வரும் ரத்தக் குழாய்கள். அவற்றுக்கு நடுவில் வேறு வால்வு கிடையாது. அதனால் மேலறையில் ஏறுகிற அழுத்தம் நேராக நுரையீரலில் போய் முட்டும், அங்கே நுண்ணிய குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளைச் சுற்றித் தேங்கும். படுத்தால் ஏன் மோசம் என்றால், நிற்கும்போது காலில் தங்குகிற ரத்தமெல்லாம் படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்பிவிடுகிறது. கோளாறு இதயத்தில், இருமியது நுரையீரல்.

"இத்தனை வருஷம் ஏன் ஒன்றும் தெரியவில்லை?" என்று கேட்டேன். கசிவு மெதுவாகக் கூடினால் மேலறையும் கீழறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து அதற்கு இடம் கொடுத்துவிடுமாம். இழை அறுந்தபோது கசிவு சட்டென்று கூடிவிட்டது, பெருப்பதற்கு அவகாசமில்லை, அழுத்தம் முழுக்க நுரையீரல் தலையில்.

ரிப்போர்ட்டில் இதயத்தின் பம்பிங், அதாவது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு அது வெளியே தள்ளுகிற பங்கு, 62 சதவீதம் என்று இருந்தது. நார்மல்தானே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். டாக்டர் அந்தச் சந்தோஷத்தை இரண்டு நிமிஷத்தில் பிடுங்கிவிட்டார். அந்தக் கணக்கில் பின்னால் போகிற ரத்தமும் சேர்த்தி. மேலறைப் பக்கம் எதிர்ப்பு குறைவு என்பதால் தள்ளுவது சுலபம், எண் அழகாகத் தெரியும். அதனால் கடுமையான மைட்ரல் கசிவில் 60 சதவீதம் என்பதே எச்சரிக்கைக் கோடு. அதற்கு வந்துவிட்டாலோ, சுருங்கிய நிலையிலும் கீழறை 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தாலோ, தொந்தரவே இல்லாதவருக்குக்கூட ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். எனக்கோ தொந்தரவும் இருந்தது.

முதலில் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். நாலு நாளில் மூன்று கிலோ குறைந்தது, அத்தனையும் தண்ணீர்! இருமல் பாதியானது. சரி, மாத்திரையிலேயே ஓட்டிவிடலாமே என்று பேரம் பேசிப் பார்த்தேன். மாத்திரை தேங்கின நீரை இறைக்கும், அறுந்த இழையைக் கட்டாது என்றார் சர்ஜன். என் வால்வை மாற்ற வேண்டாம், இதழைச் சரிசெய்து சுற்றிலும் ஒரு வளையம் தைத்தால் போதும் என்பது, தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்த எக்கோவில் உறுதியானது. அந்தக் குழாயை விழுங்கியது ஆபரேஷனைவிட மோசம் என்பேன், ஆபரேஷனில் மயக்கத்தில் இருந்தேனே.

நெஞ்செலும்பைப் பிளந்துதான் செய்தார்கள். எழுந்த பிறகு இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்தார்கள், மறுபடியும் தலையணை! மூன்று பந்துகளை மூச்சிழுத்து மேலே தூக்கும் கருவியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன். அடுத்த எக்கோவில் பம்பிங் 54 என்று வந்ததும் பதறிப்போனேன். பின்வாசல் அடைபட்டுவிட்டது, இப்போதுதான் இதயம் முழு எதிர்ப்பையும் எதிர்த்துத் தள்ளுகிறது, இது எதிர்பார்த்ததுதான் என்றார்கள்.

இன்னும் வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ உண்டு. பல் பிடுங்கப் போனால் முதலில் வளையம் இருக்கிறது என்று சொல்லி, முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டும், வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கிற கிருமி அந்த வளையத்தில் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால். போன மாதம் நாற்காலியில் வாயைத் திறந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.