நோட்டில் இல்லாத கட்டம்

எங்கள் கேஷுவாலிட்டியின் சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடும். இசிஜி மெஷினில் காட்டும் நேரம் நாலு நிமிடம் பின்னால். இதய அடைப்பை நீக்கும் அறையான கேத் லேபின் கடிகாரம் தனிக்கதை. மாரடைப்போடு வருகிறவர் வாசலில் நுழைந்ததிலிருந்து ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் பலூன் உள்ளே விரியும் வரை 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, நேரத்தைக் குறித்து வையுங்கள் சிஸ்டர் என்று என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். 90-க்குள் முடிந்தால் பச்சை மை, தாண்டினால் சிவப்பு. முதல் வாரமே ஒருவருக்கு, அவர் உள்ளே வருவதற்கு முன்பே இசிஜி எடுத்ததாகக் கணக்கு வந்தது! எல்லாக் கடிகாரத்தையும் செல்போன் நேரத்துக்குத் திருப்பி வைத்ததுதான் நாங்கள் செய்த முதல் வேலை.

நோட்டு நிரம்ப நிரம்ப விஷயம் புரிந்தது. கேத் லேபுக்குள் போன பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அதற்கு முன்னால்தான் நேரம் கரைந்தது. ஸ்ட்ரெச்சரில் வந்தவருக்கு உடனே இசிஜி. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து, தானே நடந்து நுழைந்தவர் ஓபி சீட்டு வரிசையில் நின்றார். முதல் இசிஜியை 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அவருக்குச் சீட்டு போடவே அவ்வளவு ஆனது. பெண்கள் பாடு இன்னும் மோசம். மாரடைப்பாகவே இருந்தாலும் தாடை இழுக்குது, முதுகு கனமா இருக்கு, ஒரே அசதி என்பார்கள். பிரஷர் மட்டும் பார்த்து உட்காரச் சொல்லியிருக்கிறோம். நானும்தான்.

மெஷினை வாசலுக்கே நகர்த்தினோம், சீட்டு அப்புறம். இசிஜி பார்த்த டியூட்டி டாக்டரே கேத் லேப் ஆட்களை அழைக்கலாம் என்று ஆனது. அதுவரை அவர் இதய டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு நீல டிக் விழக் காத்திருப்பார்.

வீட்டார் சம்மதக் கையெழுத்துக்கு ஆகும் நேரத்தைத்தான் சுருக்க முடியவில்லை. மனைவி பக்கத்திலேயே நிற்பார். "அண்ணன் ஊர்லேருந்து வந்துடட்டும் சிஸ்டர்" என்பார். அவசரப்படுத்தினால் பணம் பிடுங்கப் பார்க்கிறோம் என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்தை முழுக்கத் தப்பென்றும் சொல்ல மாட்டேன்.

2023-ல் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தபின், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தக்கட்டைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் என்று 14 மாத்திரை விழுங்கிவிட்டு, கொடுத்த நேரம் எழுதிய சீட்டோடு சிலர் வருகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பாதிப் பதற்றம் குறையும்.

போன வாரம் ஒருவர் விடிந்ததும் வந்தார். வலி ராத்திரி பதினொன்றுக்கே தொடங்கியிருக்கிறது. வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். வாசலிலிருந்து பலூன் வரை 71 நிமிடம். பச்சை மையில் எழுதினேன். வலி தொடங்கிய நேரத்துக்கு நோட்டில் கட்டமே இல்லை. ஓரத்தில் பென்சிலால் 11.00 என்று குறித்து வைத்தேன்.