துணிக்கைகளின் வழியே அமுக்கத்துக்கு

சடப்பொருளின் கட்டமைப்பு, சடப்பொருளின் நிலைகள், அமுக்கம் என்று எங்கள் பாடநூலில் மூன்று அலகுகள் தனித்தனியே இருந்தன. பரீட்சையிலும் அவை தனித்தனி வினாக்களாகவே வரும். ஆனால் எங்களுக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் அந்த மூன்றையும் ஒரே பாடமாகவே நடத்தினார். முதல் நாள் கரும்பலகையில் சிறு வட்டங்களாக வரைந்த துணிக்கைகளை அவர் மூன்றாவது அலகு முடியும் வரை கைவிடவில்லை. இந்த மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளையும் பரிசளிப்பு விழாக்களையும் பற்றி எழுத நண்பர்கள் பலர் இருப்பதால், அந்தப் பௌதிக வகுப்பைப் பற்றி எழுதுவதே என் பங்கு என்று கருதினேன்.

கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் இருக்கின்றன என்பதை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வியை அவரே முதலில் எழுப்பினார். பண்டைய கிரேக்கத்தில் டெமோக்கிரிட்டஸ் சொன்னார், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் டால்டன் இரசாயனச் சேர்க்கைகளின் நிறை விகிதங்களைக் கொண்டு அணுக்கொள்கையை அமைத்தார் என்பதோடு அவர் நிறுத்திவிடவில்லை. டால்டனுக்குப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்பும், வில்ஹெல்ம் ஒஸ்ட்வால்ட் போன்ற பெரும் இரசாயனவியலாளர்கள், அணு என்பது கணக்குக்கு உதவும் ஒரு கற்பனையே என்று கருதியதையும் எடுத்துச் சொன்னார். அவ்வளவு பெரிய அறிஞர்களே ஐயுற்ற ஒன்றை நாங்கள் மனனம் செய்து ஒப்புவிப்பதில் பொருளில்லை என்பது அவர் எண்ணம்.

அதற்காகவே எங்களை ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று, நுணுக்குக்காட்டியின் கீழே ஒரு சிறு கண்ணாடிக் கலத்தை வைத்தார். கனன்றுகொண்டிருந்த காகிதச் சுருளின் புகையைக் கலத்துக்குள் செலுத்தி, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, பக்கவாட்டிலிருந்து ஒளியைப் பாய்ச்சினார். பார்வில்லையை மெல்லத் திருகிச் சரிசெய்தபோது இருண்ட பின்னணியில் வெண்ணிற ஒளிப்புள்ளிகள் தென்பட்டன. ஒவ்வொரு புள்ளியும் நின்ற இடத்தில் நிற்காமல், எந்த ஒழுங்கும் இல்லாமல், இங்கும் அங்கும் வெட்டி வெட்டி நகர்ந்தது. நாங்கள் காண்பது புகைத் துணிக்கைகளையே தவிர வளியின் மூலக்கூறுகளை அல்ல என்பதை அவர் பலமுறை வலியுறுத்தினார். காணாத மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் சமமின்றி மோதுவதால் காணக்கூடிய துணிக்கை அலைகிறது. 1827 இல் ரொபேட் பிரவுண் மகரந்த மணிகளிலிருந்து வெளிவந்த நுண்துணிக்கைகள் நீரில் இவ்வாறு அசைவதைக் கண்டார். உயிரற்ற பொருள்களின் நுண்பொடிகளிலும் அதே அசைவைக் கண்டு, இது உயிரின் செயலன்று என்று அவர் உறுதிசெய்தார். 1905 இல் ஐன்ஸ்டைன் அந்த அசைவுக்குக் கணிதம் வகுத்தார். சில ஆண்டுகளில் பிரான்சின் ஜான் பெரின் அதைப் பரிசோதனையால் அளந்து காட்டினார். ஒஸ்ட்வால்ட் தம் கருத்தை மாற்றிக்கொண்டது அதன் பின்னரே.

நிலைகளைப் பற்றிய பாடம் இதன் தொடர்ச்சியாகவே வந்தது. திண்மத்துக்கு வடிவமும் கனவளவும் உண்டு, திரவத்துக்குக் கனவளவு மட்டும் உண்டு, வாயுவுக்கு இரண்டும் இல்லை என்பதை எல்லோரும் படித்திருப்போம். அவர் அதை ஓரிரு நிமிடங்களில் முடித்துவிட்டு, ஒரு கிராம் நீர் முழுவதும் 100 பாகை செல்சியசில் ஆவியானால் கனவளவு எவ்வளவாகும் என்று கேட்டார். சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் அது 1,600 மடங்குக்கும் மேலாகப் பெருகும். மூலக்கூறுகளின் எண்ணிக்கையோ அவற்றின் பருமனோ மாறவில்லை. இடைவெளி மட்டுமே கூடியிருக்கிறது. 1,600 இன் கனமூலம் ஏறத்தாழ 12 என்பதால், திரவத்தில் நெருங்கியிருந்த மூலக்கூறுகள் ஆவியில் அதைப்போல் சுமார் 12 மடங்கு தொலைவில் இருக்கின்றன என்று கணித்துக் காட்டினார். இவ்வளவு எளிய கணக்கால் மூலக்கூறுகளின் நடுவிலுள்ள வெளியை அளக்க முடிந்தது எனக்கு அன்றும் வியப்பு, இன்றும் வியப்பு. ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 420 கிலோயூல் போதும். அதே நீரை வெப்பநிலை மாறாமல் ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோயூல் வேண்டும். அந்த மேலதிக வெப்பத்தின் பெரும்பகுதி மூலக்கூறுகளை ஒன்றின் கவர்ச்சியிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பதற்கே செலவாகிறது என்று கேட்டபின், மறைவெப்பம் என்பது வெறும் வரைவிலக்கணமாகத் தோன்றவில்லை.

அமுக்கம் என்பது ஓரலகு பரப்பின் மீது செங்குத்தாகத் தாக்கும் விசை என்று எழுதித் தந்துவிட்டு, வாயுவில் அந்த விசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அறை வெப்பநிலையில் நைதரசன் மூலக்கூறுகள் செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் பறந்து சுவர்களில் மோதித் திரும்புகின்றன. தகரக் கூரையில் பெருமழை பெய்யும்போது துளிகளைத் தனித்தனியே கேட்க முடியாமல் ஒரே இரைச்சலாகக் கேட்பதைப் போல, எண்ணற்ற மோதல்கள் சேர்ந்து ஒரே சீரான தள்ளுகையாகின்றன. இந்த விளக்கத்தை டானியல் பேர்னூலி 1738 இலேயே எழுதிவிட்டார். கனவளவைப் பாதியாக்கினால் அமுக்கம் இருமடங்காகும் என்ற போயிலின் விதி, ஒரே பரப்பில் இருமடங்கு மோதல்கள் நிகழும் என்பதாக எங்களுக்கு விளங்கியது. மூடிய கலத்தைச் சூடாக்கினால் அமுக்கம் ஏன் கூடுகிறது என்று கேட்டால், மோதல்கள் வலுக்கின்றன என்பதோடு அடிக்கடியும் நிகழ்கின்றன என்று இரண்டு காரணங்களையும் சொன்னால்தான் முழுப் புள்ளி தருவார்.

வளிமண்டல அமுக்கம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1,01,325 நியூட்டன். விரித்த உள்ளங்கையின் பரப்பை 100 சதுர சதமமீற்றர் என்று கொண்டால், அதன்மீது வளி ஏறத்தாழ 1,000 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறது. புறங்கையிலும் அதே அளவு தள்ளுவதால் கை நசுங்குவதில்லை. 1643 இல் தொரிசெல்லி இரசம் (பாதரசம்) நிரப்பிய குழாயை இரசத் தொட்டியில் கவிழ்த்தபோது, இரசம் ஏறத்தாழ 76 சதமமீற்றர் உயரத்தில் நின்றது. அந்த நிரலைத் தாங்குவது மேலே உள்ள வெற்றிடமன்று, தொட்டியின் இரசப் பரப்பை வெளியிலிருந்து தள்ளும் வளியே. உறிஞ்சு பம்பி ஒன்றால் நீரை 10 மீற்றருக்குச் சற்று மேல் உயர்த்த முடியாமைக்கும் அதுவே காரணம். இரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதை வைத்து, அந்த 10.3 மீற்றரை எங்களைக் கொண்டே கணிக்கச் செய்தார். 1648 இல் பஸ்காலின் மைத்துனர் பெரியே மலையுச்சிக்கு ஏறியபோது இரச நிரல் 8 சதமமீற்றருக்கு மேல் தாழ்ந்ததையும் அவர் சுவைபடச் சொன்னார். ஏறிய உயரத்துக்குரிய வளி கீழே தங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

தவணையின் கடைசிப் பரிசோதனை மூன்று அலகுகளையும் ஒன்றாகக் கட்டியது. வட்ட அடிக் குடுவை ஒன்றில் பாதியளவு நீரெடுத்து, பன்சன் சுடரடுப்பில் சில நிமிடங்கள் நன்றாகக் கொதிக்கவிட்டார். வெளியேறும் நீராவி உள்ளிருந்த வளியைத் துரத்திவிடும் வரை காத்திருந்து, முதலில் சுடரை அகற்றி, அதன் பின்னரே இறப்பர் அடைப்பானை இறுக்கினார். இந்த ஒழுங்கு மாறினால் குடுவை வெடிக்கக்கூடும் என்றும், தட்டை அடியுள்ள குடுவையானால் வெளி அமுக்கத்தால் நொறுங்கக்கூடும் என்றும் எச்சரித்தார். கொதிப்பு அடங்கியதும் குடுவையைத் தலைகீழாகத் தாங்கியில் பொருத்தி, அதன் அடிப்புறத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினார். உள்ளிருந்த நீர் மீண்டும் குமுறிக் கொதிக்கத் தொடங்கியது. குளிர்ச்சியால் கொதிக்கும் நீரை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

விளக்கத்தை அவர் சொல்லவில்லை, எங்களிடமிருந்தே வரவழைத்தார். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி ஒடுங்கித் திரவமாகிறது. 1,600 மடங்கு இடத்தை நிரப்பியிருந்த மூலக்கூறுகள் ஒரு சில துளிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. நீர்ப்பரப்பில் மோத எஞ்சியவை மிகச் சில என்பதால் அமுக்கம் வீழ்கிறது. நீரினுள் தோன்றும் ஆவிக்குமிழியின் அமுக்கம் மேலேயிருந்து அழுத்தும் அமுக்கத்துக்கு ஈடாகும்போதே கொதித்தல் நிகழ்கிறது. ஆகவே மேலமுக்கம் குறைந்தால் குறைந்த வெப்பநிலையே போதும். வளிமண்டல அமுக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கில் நீர் 60 பாகையில் கொதிக்கும். அமுக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் எவரெஸ்ட் உச்சியில் அது ஏறத்தாழ 70 பாகையில் கொதிப்பதும் இதனாலேயே.

எங்கள் பழைய மாணவர் சங்கம் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு உதவி செய்யும்போது, கணினிகளோடு சில வட்ட அடிக் குடுவைகளும், நல்ல நுணுக்குக்காட்டி ஒன்றும், புகைக் கலங்களும் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரசம் நச்சுப்பொருள் என்பதால் வளியமுக்கத்தை அளக்கும் பாரமானியைத் திரவமில்லாத வகையில் வாங்கலாம், 10.3 மீற்றர் நிரலை, மாடியிலிருந்து தொங்கவிட்ட ஒளிபுகும் குழாயில் நீரைக் கொண்டே காட்டலாம்.