குளிர்ந்த இடமெல்லாம் கசிவு அல்ல: கிணற்றுப் பேப்பரை இரண்டாம் முறை எழுதியவளின் குறிப்பு

எரிவாயுக் கிணறுகள் பற்றிய பேப்பரின் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. பி பிளஸ். போன முறை இதே பேப்பரில் கோட்டைவிட்டவள் நான், அதனால் அம்மா பாயசமே வைத்துவிட்டார். இரண்டு மாதமும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில்தான் படித்தேன்.

இதே பேப்பரை எழுதப்போகும் உங்களுக்குக் கேள்வித்தாளின் அமைப்பு தெரியும். நேராகக் கண்ணாடி இழைக் கேள்விக்கு வருகிறேன்: கிணற்றுக்குள் இறக்கிய இழையில் ஒளித் துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியிலிருந்து வெப்பநிலையையும் ஒலியையும் அளப்பது. எரிவாயுக் கிணறு, ஆழத்துக்கு ஏற்ப வெப்பநிலைக் கோடு, 'கசிவு எங்கே?' கசியும் வாயு விரிந்து குளிரும் என்பதால், போன முறை கோட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தை வட்டமிட்டேன். அது தரைக்குப் பக்கத்தில் இருந்தது. கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி என்று கீழே போகப்போகச் சூடு ஏறினால் மேலே குளிராகத்தானே இருக்கும்! 15 புள்ளி போச்சு.

அப்பாவிடம் புலம்பினேன். தோட்டத்தில் குழாய் வேலை பார்த்தவர். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தண்ணீர் கசிந்தால் முதலில் எல்லா வீட்டுப் பைப்பையும் மூடச் சொல்வாராம். அப்புறம் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார். "மூடாம கேட்டா எல்லா வீடும்தாம்மா ஒழுகும்" என்றார். பேப்பர் எனக்கு விளங்கியதே அன்றைக்குத்தான்.

கிணற்றை மூடிவைத்து எடுத்த கோடுதான் அடிப்படை. அன்யுலஸ் (குழாய்களுக்கு இடையிலான வளைய இடைவெளி) அழுத்தத்தைத் திறந்துவிடும்போது எடுத்த கோட்டிலிருந்து அதைக் கழியுங்கள். திடீரென்று மிஞ்சி நிற்கும் பள்ளத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கழிக்காமல் வட்டம் போடவே போடாதீர்கள். வேறெதை மறந்தாலும் சரி.

மற்றவை, அவசரமாக:
- வெப்பநிலைக்கு ராமன் சிதறல் (திருச்சியில் பிறந்த நம்மவர் 1928-இல் கண்டது), ஆன்டி-ஸ்டோக்ஸ் (அலைநீளம் குறைந்து திரும்பும் ஒளி), ஸ்டோக்ஸ் (அலைநீளம் கூடித் திரும்பும் ஒளி) விகிதம். ஒலிக்கு ராலே சிதறல் (அலைநீளம் மாறாமல் திரும்பும் ஒளி). நான் ஒருமுறை இரண்டையும் தப்பாக மாற்றி எழுதியிருக்கிறேன்.
- ஒளி போய்த் திரும்ப வேண்டும். 10 நானோவினாடித் துடிப்புக்கு இழையில் பிரித்தறியக்கூடிய நீளம் 1 மீட்டர்தான், 2 அல்ல.
- ஜூல்-தாம்சன்: விரியும் மீத்தேன் பெரும்பாலும் குளிரும். அழுத்தம் மிகமிக அதிகமென்றால் சூடாகவும் செய்யும்.
- ஒலிப் படத்தில் (ஒரு அச்சில் ஆழம், மறு அச்சில் நேரம்) சாய்ந்த கோடு தெரிந்தால், ஏதோ நகர்கிறது. சாய்விலிருந்து வேகம் கிடைக்கும்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. மூன்று பேர் சேர்ந்தால் பேச்சு ரொட்டி சானாய்க்குப் போய்விடும். இரவு பத்துக்கு மேல், தனியாக, ஒரே படத்தைப் பத்து முறை வரைந்தேன்.

பழைய கேள்வித்தாள்கள் நான்கு வருடத்தது என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்பவர்கள் கேளுங்கள். வட்டமிட்ட அந்தப் படத்தையும் சேர்த்தே தருகிறேன்.